அமராவதி மிதித்த ஆடுகளம்

எங்கள் கல்லூரிப் பதிவேட்டில் அமராவதியின் வேலை துப்புரவுப் பணி, தினக்கூலி. பிள்ளைகள் வைத்த பெயர் கிரவுண்டு அக்கா. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிற பெண்கள் கல்லூரி எங்களுடையது. நான் அங்கே பதினோரு வருடமாக உடற்கல்வி இயக்குநர், பெயர் மேரிசெல்வி. எனக்குக் கோபம் அதிகம் என்று முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், இல்லாததையா சொல்கிறார்கள்! அமராவதியைப் பற்றி எழுதும்போது அந்தக் கோபத்தை மறைத்துவிட்டு எழுத முடியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பிறந்தது வானூர் பக்கம், விவசாயக் குடும்பம். மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பேர், களை எடுத்துக்கொண்டிருந்தவரைப் பத்தொன்பது வயதில் சகாதேவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சகாதேவன் உப்பளத் தொழிலாளி. கல்யாணம் ஆன மறு மாதமே அமராவதியும் உப்புப் பாத்தியில் இறங்கினார். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் படிந்த சேற்றை வழித்துவிட்டு, பெண்கள் வரிசையாக நின்று தரையை மிதிப்பார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குதிகாலால் அழுத்தி, ஒரு சாண் விடாமல் மிதிக்க வேண்டும். சரியாக மிதிக்காத தரையில் உப்போடு மண்ணும் வரும், அந்த உப்பை வாங்க வருகிறவன் முகத்தைச் சுளிப்பான். அமராவதி மிதித்த பாத்தியில் மண் வராது என்று அந்தப் பக்கம் பேர் இருந்தது.

பதினைந்து வருடம் மிதித்ததில் கால் இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் கல்லூரிக்குக் கூட்டிப் பெருக்க வந்தார். முதல்வர் அவரை என்னிடம் தள்ளிவிட்டார். எங்கள் கூடைப்பந்து ஆடுகளம் மண் தரை. அதைப் பெருக்கச் சொன்னால் இவர் அதைச் சீர்படுத்தவே தொடங்கிவிட்டார். மேடு பள்ளம் எங்கே என்று வெறுங்காலால் நடந்தே கண்டுபிடிப்பார். கோடு போடுவதற்குப் பழைய சேலைக் கரையைக் கிழித்து, அளவுக்கு அளவு முடிச்சுப் போட்டு ஒரு கயிறு செய்து வைத்திருந்தார். என் டேப்பை வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன், ஒரு விரற்கடைகூடத் தப்பவில்லை. அவரைச் சோதிக்கிறேன் என்று தெரிந்தும் அவர் முகம் மாறவில்லை, நான்தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டம் அவருக்குப் புரியாது. யார் எத்தனை புள்ளி என்று கேட்டால் சிரிப்பார். விளையாடும்போது அவர் பந்தைப் பார்க்கவே மாட்டார், பிள்ளைகளின் காலைத்தான் பார்ப்பார். எந்த இடத்தில் யார் கால் தடுமாறியது என்று ஆட்டம் முடிந்ததும் சரியாகப் போய் அந்த இடத்தைத் தட்டிக் கெட்டியாக்குவார். அவர் மகள் சரண்யா அதே கல்லூரியில் பி.காம். சேர்ந்து, இரண்டாம் வருடத்திலேயே எங்கள் அணியின் முதல் ஐந்து பேரில் வந்துவிட்டபோதும் அப்படித்தான். மகள் போட்ட கூடையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

சரண்யாவைப் பற்றிச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன். கூடை போடுவதைவிட, போடக்கூடியவளிடம் சரியான நேரத்தில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவள் கெட்டிக்காரி. அவள் மூன்றாம் வருடம் படித்தபோது நாங்கள் மண்டலத்தின் எட்டுக் கல்லூரிகள் ஆடிய லீக்கில் ஏழு ஆட்டத்தில் ஆறை ஜெயித்தோம். முதலிடம். எங்கள் கல்லூரி வரலாற்றில் அதற்கு முன் எங்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு, கோலப் போட்டியில் ஆறுதல் பரிசு.

முதலிடம் என்றால் வெறும் பேர் இல்லை. லீக்கில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் கடைசிச் சுற்று ஆட வேண்டும், இரண்டு நாள். ஆண்கள் போட்டிக்குப் பல்கலைக்கழகம் பெரிய உள்ளரங்கம் ஒன்றை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடும். பெண்கள் போட்டிக்கு அதெல்லாம் கிடையாது. லீக்கில் முதலிடம் வந்த கல்லூரி தன் மைதானத்திலேயே நடத்திக்கொள்ளலாம். சுற்றறிக்கையில் இதை முதலிட அணிக்கான கௌரவம் என்று எழுதியிருப்பார்கள். கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது, அரங்கத்துக்குச் செலவு செய்ய மனசில்லை, அவ்வளவுதான். அதற்கும் நிபந்தனை உண்டு. ஆடுகளம், தங்குமிடம், கழிப்பறை, பக்கத்தில் மருத்துவமனை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் உரிமை இரண்டாம் இடம் வந்த கல்லூரிக்குப் போய்விடும்.

எங்களுக்கு அந்த உரிமை உயிர் மாதிரி. லீக் ஆட்டமெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம், அதனால் பெற்றோர் அனுப்பினார்கள். கடைசிச் சுற்று வேறு ஊரில் என்றால் ராத்திரி தங்க வேண்டும். என் அணியில் பாதிப் பேர் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள், ராத்திரி தங்க விடமாட்டார்கள். சகாதேவன் விடவே மாட்டார். அவர் தங்கை பதினேழு வயதில் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள், அங்கே விடுதியில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த மனுஷனிடம் நான் எந்த முகத்தோடு போய் அனுப்புங்கள் என்று கேட்பது?

அதோடு, கடைசிச் சுற்றுக்குத்தான் பல்கலைக்கழகத் தேர்வுக் குழு வரும். அங்கே பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அந்த அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். சரண்யா அதை நினைத்துத்தான் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தால் அவள் ஆடுவாள், இல்லாவிட்டால் இல்லை. இது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும்.

போட்டிக்கு இருபது நாள் முன்பு பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர் பாலகுரு சார் மைதானம் பார்க்க வந்தார். அறுபதை நெருங்குகிறவர், பழைய ஆட்டக்காரர், தன்மையாகப் பேசுவார். அன்றைக்குப் பார்த்துக் காற்று. அவர் நின்ற இடத்தில் புழுதி எழும்பி வெள்ளைச் சட்டை காவி ஆகிவிட்டது. தரை நல்ல கெட்டி, ஆனால் இவ்வளவு புழுதியில் பெண்கள் எப்படி மூச்சு விட்டு ஆடுவார்கள் என்று கேட்டார். பத்து நாள் தருகிறேன், சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். சிமெண்டுத் தரை போடலாமே என்று நான் நிர்வாகத்திடம் கேட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். பதினோரு வருடமாக எனக்குக் கிடைத்துவரும் பதில் அதுதான்.

அமராவதிதான் வழி சொன்னார். உப்பு வாரி எடுத்த பிறகு பாத்தியில் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும், எண்ணெய் போல் கனமாக இருக்கும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். உப்பு வண்டி போகிற மண் பாதையில் புழுதி அடங்க அதைத்தான் தெளிப்பார்களாம். தெளித்த பாதை மாதக்கணக்கில் புழுதி கிளப்பாது. எனக்கு உயிர் வந்தது. நானே முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, நானே மினி லாரி பிடித்து, எட்டு டிரம் கொண்டுவந்து இறக்கினேன். அமராவதி தன்னோடு உப்பளத்தில் வேலை செய்த ஆறு பெண்களை அழைத்து வந்தார். தண்ணீரைத் தெளித்து, தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, மூன்று நாள் மிதித்தார்கள். கால் புண்ணோடு வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, பிள்ளை இங்கே ஆட வேண்டுமே என்றார். பாலகுரு சார் மறுபடி வந்தபோது ஆடுகளம் பழுப்புப் பளபளப்போடு புழுதியே இல்லாமல் கிடந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தண்ணீர் விட்டு மிதித்தோம் என்று சொன்னேன். என்ன தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உரிமை எங்களுக்கு உறுதியானது.

மார்ச் முதல் வாரம் வெள்ளி, சனி போட்டி. திங்கட்கிழமை தேர்வு தொடங்குவதால் வேறு தேதிக்கு வழியே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கடலுக்கு மேல் மேகம் கூடியது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை இல்லை, வெயிலும் இல்லை, காற்றில் ஈரம் பிசுபிசுத்தது. ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆடுகளம் முழுக்கக் கறுத்து வேர்த்திருந்தது. அமராவதி நடுவில் உட்கார்ந்து தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லித்தான் விளங்கியது. அந்தத் தண்ணீர் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் புழுதி அடங்குகிறது. வெயில் காய்கிறவரைக்கும் அது நன்மை. மேகம் போட்டால் தரை வழவழவென்று ஆகிவிடும். இது தெரிந்தவர்தான் அவர். ஆனால் மேகம் போட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தரையில் அப்படிப்பட்ட நாளில் யாரும் ஓடியதில்லை. ஓடுவார்கள் என்று நினைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மறதி, எங்கள் தலையில் அது இடியாக விழுந்தது.

அதற்குள் வெளியூர் அணி ஒன்று ஓடிப் பழக வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி, லீக்கில் இரண்டாம் இடம். அவர்களில் ஒல்லியாக ஒரு பெண், நிவேதா என்று பேர், திரும்பும்போது கால் வழுக்கி முழங்காலை ஊன்றி விழுந்தாள். உடனே எழுந்து சிரித்துக்கொண்டே ஓடினாள். அமராவதி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மணல் கொண்டுவரச் சொன்னேன். நானும் அமராவதியும் கிளார்க் சாலமனும் மூன்று கூடை மணலைச் சல்லடையில் சலித்துத் தூவினோம். பார்வைக்குத் தரை காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு மணிக்குப் பாலகுரு சார் வந்தார், தரை ஈரமாகத் தெரிகிறதே என்று கேட்டார். ராத்திரிப் பனி சார், ஒன்பது மணிக்கெல்லாம் காய்ந்துவிடும் என்று சொன்னேன். மனசறிந்து பொய் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"காயாதுங்க சார்" என்றார் அமராவதி.

மணல் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் முறைத்ததை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் மேலே பேசினார்.

"இது பனி இல்லீங்க. பாத்தித் தண்ணி. நான்தான் ஊத்துனேன். வெயில் வந்தாத்தான் காயும், இன்னிக்கு வெயில் வராது. மணல் ரெண்டு நிமிசம் தாங்கும், அப்புறம் பிள்ளைங்க காலு போயிடுங்க."

பாலகுரு சார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்தார். குதிகாலைத் திருப்பினார், வழுக்கியது. யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓரமாகப் போய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தார். பத்தே நிமிடத்தில் முடிவு வந்தது. நடத்தும் உரிமை இரண்டாம் இடத்துக்குப் போகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் அவர்களிடம் சிமெண்டுத் தரை இருக்கிறது. இன்று போய்த் தங்கி, நாளையும் மறுநாளும் ஆட வேண்டும்.

ராத்திரி தங்குவதென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பதினொரு மணிக்கு வண்டி. பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தார்கள். சில அப்பாக்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள், சிலர் வந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் தேறினார்கள். சரண்யா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமராவதி எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் சாலமனின் ஸ்கூட்டரில் உப்பளத்துக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததைப் பிறகு சாலமன் சொன்னார். மேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட, மழைக்கு முன் மிஞ்சிய உப்பை வாரிக்கொண்டிருந்த சகாதேவன் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாராம். தங்கையைப் பற்றிச் சொன்னாராம். அதைக் கேட்டபடி அமராவதி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம், எழுந்து வரவில்லை. கடைசியில் சகாதேவன் கையிலிருந்த வாரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை இது.

"தனியா அனுப்ப மாட்டேன். நீ கூடப் போறதுன்னா இட்டுக்கினு போ."

அப்படிச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், அந்த மனுஷன்! அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அமராவதி வீட்டுக்கு ஓடி, ஒயர்க் கூடையில் மாற்றுச் சேலை ஒன்றும் மகளுக்கு ஒரு போர்வையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, பதினொன்றே காலுக்குக் கல்லூரி வாசலுக்கு வந்தார். நான் வண்டிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். சரண்யா அம்மாவைப் பார்த்துவிட்டுப் பையோடு ஓடிவந்து முதல் ஆளாக ஏறிவிட்டாள். அவள் பின்னால் அமராவதி படியில் கால் வைத்தார்.

எட்டு வருடமாக நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"எல்லாம் உன்னால வந்தது" என்றேன். "உனக்கு வண்டியில இடமில்ல. இறங்கு."

ஏழு பிள்ளைகள், பாலகுரு சார், டிரைவர், சாலமன், எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அமராவதி படியிலிருந்து காலை எடுத்தார். ஒயர்க் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார். வண்டிக்குள்ளிருந்து சரண்யா இறங்கி வந்தாள். என்னைத் தாண்டும்போது என் தோளில் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனாள். அம்மா கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனார்கள். கூப்பிட எனக்கு வாய் வந்தது, ஆனால் கோபம் இன்னும் இறங்கவில்லை, வண்டியை எடுக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை மூன்று புள்ளியில் தோற்றோம். பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. தேர்வுக் குழு எடுத்த பன்னிரண்டு பேரில் நிவேதா இருந்தாள். இரண்டு முழங்காலும் நன்றாக இருந்தன. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அமராவதி நினைவு வந்துகொண்டே இருந்தது. சரண்யா தேர்வெழுதி முடித்துவிட்டு இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் கணினி முன் உட்கார்ந்து அறைக்குப் பதிவு போடுகிறாள். பஸ்ஸில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், பந்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு தினக்கூலிப் பெண் விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று எழுதிவிடும்படி முதல்வர் சொன்னார். நான் அப்படி எழுதவில்லை. அந்தத் தண்ணீரை வரவழைத்தது நான், மறைத்துப் பொய் சொன்னது நான், உண்மையைச் சொன்னவர் அமராவதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மண் தரை உள்ள கல்லூரிக்கு இனி உரிமை இல்லை என்று பதில் வந்தது. என் சம்பள உயர்வும் ஒரு வருடம் நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளுக்குள் ஏதோ கடனை அடைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

அந்த நிம்மதியோடுதான் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அமராவதி குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி ஆடுகளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா, மன்னிச்சிடுங்க என்றேன். கடிதத்தில் என்ன எழுதினேன் என்று படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி ஊத்துனது என் தப்பு மேடம்" என்றார். "அத யாரு கேட்டாலும் நான் ஒத்துக்குவேன். அதுக்கு நீங்க திட்டுனதும் பெருசில்ல. ஆனா இடமில்லன்னு சொன்னீங்களே. பின்னாடி ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சு மேடம், நான் பாத்தேன்."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இரண்டு இல்லை, மூன்று சீட் காலியாக இருந்தது. வண்டிப் படியில் ஏறுவதற்கு முன் நான் எண்ணியிருந்தேன்.